கூடத்தையும் கொண்டு சென்ற பனித் தாரகை

ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம் ஊர்ப் பழமொழி. குறையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பழியைத் தரையின்மேல் போடுபவரைக் கேலி செய்ய எழுந்த மொழி அது. ஆனால், கூடம் உண்மையிலேயே சரியாக இருந்தால்தான் ஆட முடியும் என்னும் கலையும் உலகில் உண்டு. காலில் சறுக்குக் காலணி பூட்டி ஆடும் ஸ்கேட்டிங் நடனமே அது. போட்டிக் களத்தில் இருந்த அந்தக் கலையைப் பாட்டும் ஒளியும் கதையும் சேர்ந்த மேடைக் கலையாக்கி, பல்லாயிரவர் அமரும் உள்ளரங்குகளுக்கு ஊர் ஊராக எடுத்துச் சென்ற பெண்மணி சோன்யா ஹெனி. அவர் வாழ்க்கையை ஊன்றிப் பார்த்தால் அந்தப் பழமொழிக்கு மறுபக்கம் ஒன்று இருப்பது புலனாகும்.

சோன்யா 1912 ஏப்ரல் 8 அன்று நார்வே நாட்டின் தலைநகரில் பிறந்தார். அன்று கிறிஸ்தியானியா எனப்பட்ட அந்நகரமே இன்றைய ஓஸ்லோ. தந்தை வில்ஹெல்ம் ஹெனி கம்பளித்தோல் ஆடை வணிகர்; இளமையில் மிதிவண்டிப் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்றவர். மகளின் திறமையைக் கண்ட அவர், பொருளைப் பொருட்படுத்தாமல் பயிற்சி அளித்தார். 1924-இல் பிரான்சின் ஷமோனி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் 11 வயதுச் சிறுமியாகக் கலந்துகொண்ட சோன்யா, எட்டுப் பேரில் எட்டாவதாக வந்தார். கடைசி இடம்! அதற்காக அவர் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. மூன்றே ஆண்டுகளில், 1927-இல், ஓஸ்லோவில் உலகப் பட்டத்தை வென்றார். அதன்பின் 1936 வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள் அப்பட்டம் அவரிடமே இருந்தது. 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் தங்கம் அவருக்கே. பெண்கள் தனிநபர் பிரிவில் இச்சாதனையை இன்றுவரை எவரும் எட்டவில்லை.

இந்த வெற்றிக்குக் கால்வலிமை மட்டும் காரணமன்று. ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைக் கண்டு உள்ளம் பறிகொடுத்த சோன்யா, பாலே நடனத்தின் நளினத்தைப் பனித்தரைக்குக் கொண்டுவந்தார். நம் ருக்மிணி தேவிக்கும் நடனத்தில் ஊக்கம் தந்தவர் அதே பாவ்லோவாதான் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். ஒரே விளக்கிலிருந்து சென்னையிலும் ஓஸ்லோவிலும் இரு சுடர்கள்!

1936-இல் சோன்யா போட்டிகளிலிருந்து விலகித் தொழில்முறைக் கலைஞர் ஆனார். ஹாலிவுட்டில் நடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வாய்ப்புக் கேட்டு வாயிற்படிகளில் நிற்கவில்லை. அங்கிருந்த போலார் பேலஸ் என்னும் பனியரங்கை வாடகைக்கு எடுத்துத் தாமே ஒரு காட்சி நடத்தினார். ஊரே திரண்டது. ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. அவ்வாண்டு இறுதியிலேயே முதல் படம் வெளிவந்தது. பின்னர் சிகாகோவின் அரங்க அதிபர் ஆர்தர் விர்ட்ஸுடன் கூட்டுச் சேர்ந்து, ஹாலிவுட் ஐஸ் ரெவ்யூ என்ற குழுவோடு அமெரிக்காவின் பெருநகர் அரங்குகளைச் சுற்றிவரத் தொடங்கினார். படம் பார்த்தவர் அரங்குக்கு வந்தனர். அரங்கில் பார்த்தவர் படத்துக்குச் சென்றனர்.

நாடக மேடைக்கும் இத்தகைய உள்ளரங்குக்கும் உள்ள வேறுபாட்டை நாம் உணர வேண்டும். நாடக மேடைக்கு முன்பக்கம் உண்டு, திரை உண்டு, ஒளிந்துகொள்ளப் பக்கவாட்டு உண்டு. உள்ளரங்கிலோ நான்கு புறமும் கண்கள்! ஆடுபவருக்கு முதுகு என்று ஒன்று இல்லை. கடைசி வரிசையில் இருப்பவர் முகபாவத்தைக் காண இயலாது. ஆகவே உடல் முழுவதும் பேச வேண்டும். உடையும் வண்ணமும் ஒளியும் தொலைவிலிருந்து படிக்கத்தக்க பெரிய எழுத்துகளாக இருக்க வேண்டும்.

இவற்றிற்கெல்லாம் அடிப்படை தரை. இயற்பியல் பயிலும் நமக்கு அத்தரை ஒரு நல்ல பாடம். தூய நீர் உறையும் வெப்பநிலையிலும் உப்புநீர் உறையாது. ஆகவே நன்கு குளிரூட்டிய உப்புநீரைத் தரைக்கடியில் குழாய்களில் ஓடவிட்டு, மேலே நீரை மெல்லிய படலமாகத் தெளித்து, ஒன்று உறைந்தபின் அடுத்தது என அடுக்கடுக்காகப் பனித்தரை அமைப்பர். அமைதியாக அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். அப்படியானால் 10,000 பேர் கூடிய அரங்கில் 10 லட்சம் வாட்! கூட்டம் பெருகப் பெருகக் கலைஞருக்கு மகிழ்ச்சி, பனிக்கட்டிக்கோ சோதனை. அந்தச் சோதனையில் தரையைக் காப்பவர் திரைமறைவில் உழைக்கும் இயந்திரத் தொழிலாளர்கள். கைகளை மார்போடு அணைத்துச் சோன்யா சுழலும்போது வேகம் கூடுவது கோண உந்த அழிவின்மையால் என்று நாம் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். அச்சுழற்சி அந்தத் தொழிலாளர்களின் தயவாலும்தான் நிகழ்ந்தது.

1940-இல் நியூயார்க் ராக்பெல்லர் மையத்தின் சென்டர் தியேட்டரில் மேடையையே பனித்தரையாக்கி, விர்ட்ஸும் சோன்யாவும் ஓர் இசை நாடகத்தைத் தயாரித்தனர். இவ்வகைக் காட்சிகள் அங்கே ஆண்டுக்கணக்கில் நடந்தன. இவர்களைப் பின்பற்றிப் பலர் வந்தனர். 1942-இல் ஸ்கேட்டிங் வானிட்டீஸ் என்ற குழு, பனிக்கட்டியே வேண்டாம் என்று சக்கரக் காலணி அணிந்து, ரோலர் ஸ்கேட்டிங் காட்சியோடு அரங்குகளைச் சுற்றியது. 1984-இல் லண்டனில் அரங்கேறிய ஸ்டார்லைட் எக்ஸ்பிரஸ் என்னும் சக்கரக் காலணி இசை நாடகத்துக்காக அரங்கின் உட்புறத்தையே மாற்றி, பார்வையாளரைச் சுற்றி ஓடுதளம் அமைத்தனர். பனியானாலும் சக்கரமானாலும் முதல் கேள்வி ஒன்றே: தரை எங்கே?

கால் வைக்கும் தரையில் இத்தனை கருத்தாக இருந்த சோன்யா, வேறொரு தரையில் கவனம் இழந்தார். 1936-இல் பெர்லினில் ஒரு காட்சியின்போது இட்லருக்கு நாஜி முறையில் கை உயர்த்தி வணக்கம் செலுத்தினார். நார்வே நாளேடுகள் கண்டித்தன. 1940-இல் இட்லரின் படைகள் நார்வேயைக் கைப்பற்றின. இட்லர் கையொப்பமிட்டு அளித்த படம் சோன்யாவின் இல்லத்தில் இருந்ததால் அவர் உடைமைகள் தப்பின. ஆனால் நாட்டு மக்களின் அன்பு தப்பவில்லை. 1941-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அவர், துன்புற்ற தாய்நாட்டுக்குப் போதிய உதவி செய்யவில்லை என்ற மனக்குறையும் எழுந்தது. புகழைப் போற்றலாம், இதை மறைத்து அவர் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

1950-களின் தொடக்கத்தில் விர்ட்ஸோடு பிணக்கு ஏற்பட்டது. அவர் கனடிய ஒலிம்பிக் வீராங்கனை பார்பரா ஆன் ஸ்காட்டைக் கொண்டு பழைய குழுவை நடத்தினார். சோன்யா தம் சொந்தப் பணத்தில் தனிக்குழு அமைத்தார். பெரிய அரங்குகளும் நல்ல தேதிகளும் கிடைப்பது அரிதாயிற்று. 1952 மார்ச்சில் பால்டிமோர் நகரில் காட்சி தொடங்கும் முன்பே, தற்காலிகமாக அமைத்த இருக்கை வரிசையின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. 250-க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். உயிரிழப்பு இல்லை என்பது ஒன்றே ஆறுதல். வழக்குகள் தொடர்ந்தன, குழுவின் வாழ்வு தளர்ந்தது. பனித்தரை உறுதியாகத்தான் இருந்தது. மக்கள் அமர்ந்த தரை உறுதியாக இல்லை.

எனினும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1953-இல் ஹாலிடே ஆன் ஐஸ் குழுவோடு ஐரோப்பாவில் சுற்றி, ஓஸ்லோவிலும் ஆடினார். தயக்கத்தோடு வந்தவரைத் தாயகம் திரண்டுவந்து பார்த்தது. 1956-இல் நார்வே கப்பல் அதிபர் நீல்ஸ் ஒன்ஸ்டாடை மணந்தார். இருவரும் சேர்த்த நவீன ஓவியங்களைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், ஓஸ்லோவுக்கு அருகே ஒரு கலைக்கூடம் எழுப்பி 1968-இல் மக்களுக்கு அளித்தனர். மறு ஆண்டு, 1969 அக்டோபர் 12 அன்று, இரத்தப் புற்றுநோயால் நலிந்திருந்த சோன்யா பாரிசிலிருந்து ஓஸ்லோ செல்லும் விமானத்திலேயே உயிர்நீத்தார். அப்போது வயது 57. அக்கலைக்கூடத்தை நோக்கிய குன்றின்மேல் அவர் உறங்குகிறார்.

ஆடத் தெரிந்தவர் கூடத்தைப் பழிப்பதில்லை. அது பழமொழி சொல்லும் பாடம். கூடம் நேராக இருக்கிறதா என்று ஆடும்முன் பார்ப்பதும், நம்மைக் காண வந்து அமர்ந்தவரின் இருக்கை உறுதியா என்று கேட்பதும், யார் முன்னிலையில் எதற்காகக் கை உயர்த்துகிறோம் என்று எண்ணுவதும் ஆடுபவரின் கடமையே. இது சோன்யா ஹெனியின் வாழ்க்கை சொல்லும் பாடம். கடைசி இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறிய அவர் உழைப்பைக் கற்போம்; அவர் சறுக்கிய இடங்களையும் மறவாமல் கற்போம்.