குன்னூரில் ஒரு மருத்துவ மேதை

சில ஆண்டுகளுக்கு முன் சவ்வாது மலைப் பக்கமிருந்து ஒரு சிறுமி நமது விடுதிக்கு வந்து சேர்ந்தாள். பகலெல்லாம் துள்ளித் திரிவாள். விளக்கு வைக்கும் நேரமானால் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பாள். விளையாட்டு என்றே நாம் முதலில் எண்ணினோம். மாலைக்கண் என்பது பிறகுதான் தெரிந்தது. மருத்துவர் கொடுத்த வைட்டமின் ஏ மருந்தும், எண்ணெய் விட்டு வதக்கிய கீரையும் அவளைத் தேற்றின. அவள் வீட்டுக் கொல்லையிலேயே முருங்கை மரம் நின்றதாம்! அதுதான் நம் மனத்தை உறுத்தியது. இந்த உயிர்ச்சத்துகளின் வரலாற்றைத் தேடிப் படிக்கப் புகுந்தபோது, நமது நீலகிரியிலேயே இருந்து உழைத்த ஒருவரைக் கண்டோம். அவர்தாம் சர் ராபர்ட் மக்காரிசன்.

1878-ஆம் ஆண்டு அயர்லாந்தின் போர்ட்டடவுன் என்னும் ஊரில் அவர் பிறந்தார். பெல்பாஸ்டில் மருத்துவம் பயின்று, 1901-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். முதற்பணி இமயத்தின் வடமேற்கு எல்லையில். அங்கே கில்கிட் பகுதியில், ஒரே நீரோடையை அடுத்தடுத்துப் பயன்படுத்திய சிற்றூர்களில், மேலூரைவிடக் கீழூரில் கழுத்துக் கழலை மிகுந்திருப்பதைக் கண்டார். அந்த ஓடை நீரின் வண்டலைத் தாமும் குடித்தார். முன்வந்த சிலருக்கும் கொடுத்தார்! கழலைக்கு முதற்காரணம் அயோடின் குறைவே என்று பின்னாளில் தெளிவாயிற்று. ஆயினும் தம் உடலையே சோதனைக்கு வைத்த அந்த நெஞ்சுரத்தை யார் மறுக்க முடியும்?

அந்நாளில் உணவைப்பற்றிய அறிவியல் குழந்தைப் பருவத்தில் இருந்தது. வைட்டமின் என்ற பெயரே 1912-இல்தான் பிறந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் மக்காலமும் டேவிசும் வெண்ணெயில் ஏதோ ஒரு பொருள் இருப்பதையும், அஃதின்றி எலிக்குட்டிகள் வளராமற் போவதையும் கண்டனர். கொழுப்பில் கரையும் அந்தப் பொருளே இன்று நாம் ஏ என்று அழைப்பது. டி, ஈ, கே ஆகியவை பின்னர் வந்து சேர்ந்தன. இவை நான்கும் கொழுப்போடு சேர்ந்தே உடலில் ஏறும். கீரைக்குச் சிறிது எண்ணெய் விடாவிட்டால் அதன் சத்தில் பெரும்பகுதி வீணாகிவிடும். மிஞ்சினால் உடலிலேயே, ஏயும் டியும் குறிப்பாகக் கல்லீரலிலும் கொழுப்பிலும், தங்கிவிடும். ஆகவே மருத்துவரைக் கேளாமல் மாத்திரைகளை அள்ளி விழுங்குதல் கேடு. இதைப் பெற்றோர்க்காகவே சொல்லி வைக்கிறோம்.

1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் மக்காரிசனுக்குக் கிடைத்தது ஒரே ஓர் அறை. பெரிபெரி நோயை ஆராய்வது அவர் வேலை. தீட்டிய அரிசியை மட்டும் தின்ற புறாக்கள் கழுத்து முறுக்கி விழுவதை நாள்தோறும் பார்த்துக் குறித்தார். 1923-இல் அரசாங்கம் செலவைக் குறைப்பதாகச் சொல்லி ஆராய்ச்சியையே மூடிவிட்டது. எத்தனையோ பேர் அத்தோடு மனம் தளர்ந்திருப்பர். இவர் தளரவில்லை. இரண்டாண்டில் கதவு மீண்டும் திறந்தது. அந்த ஓரறைதான் வளர்ந்து, உணவூட்ட ஆராய்ச்சிக்கூடங்கள் என்னும் பெயர் பெற்றது.

அதன்பின் அவர் செய்த எலிச் சோதனைதான் உலகப் புகழ் பெற்றது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்பதை அப்படியே சமைத்து, தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்த எலிக்குட்டிகளுக்குக் கொடுத்தார். கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்னும் சீக்கியர் உணவை உண்டவை கொழுகொழுவென வளர்ந்தன. சராசரி எடை சுமார் 235 கிராம். கடைசி இடம் யாருக்கென்று நினைக்கிறீர்கள்? நமக்குத்தான்! தீட்டிக் கழுவிய அரிசிச் சோறு, சிறிது பருப்பு, கொஞ்சம் காய், கொஞ்சம் மோர் (காப்பியைக்கூட அவர் விடவில்லை) என்னும் சென்னை மாகாண உணவை உண்ட எலிகள் சுமார் 155 கிராமோடு நின்றுவிட்டன. வெள்ளையர் தப்பினார்களா என்றால் அதுவும் இல்லை. வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரைத் தேநீர், டப்பா இறைச்சி என்று ஏழை ஆங்கிலேயர் உணவைத் தின்ற எலிகள் குன்றிப்போய், ஒன்றையொன்று கடித்துத் தின்னத் தொடங்கினவாம்.

ஏ சத்துக் குறைந்த உணவைத் தின்ற எலிகளின் சிறுநீர்ப் பையில் கல் உண்டாவதையும், பால் கொடுத்தால் அது தடைபடுவதையும் அவர் காட்டினார். கண்ணுக்கு மட்டுமன்றி உடலின் உட்புறத் தோலுக்கெல்லாம் அச்சத்து காவல் என்பது இப்படித்தான் விளங்கியது.

ஒன்றை மட்டும் நம்மால் ஏற்க முடியவில்லை. எலியின் எடையைக் கொண்டு ஓரினத்தின் வீரத்தையும் உழைப்பையும் அவர் அளந்து பேசினார். அது எலி சொல்லாத செய்தி. நம்மவர் கைக்குத்தலரிசியும் கேழ்வரகும் கம்பும் உண்ட ஊர்கள் எத்தனையோ இருந்தன. பாலும் நெய்யும் வாங்க வழியில்லாமற் போனதற்கு மக்களின் இனமா காரணம்? வறுமையல்லவா?

1933-இல் சர் பட்டம் பெற்று, 1935-இல் அவர் ஓய்வுபெற்றுச் சென்றார். அவர் இடத்திற்கு வந்த அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை 1937-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் சென்னை அரசு கண் மருத்துவமனையின் ரைட் என்பவரோடு சேர்ந்து, கருவிழி உருகும் குழந்தைகளுக்குச் செம்பனை எண்ணெய் கொடுத்துப் பலன் கண்டதையும் எழுதினார். கூடம் 1958-இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே நடந்த ஆராய்ச்சியின் பயனாக, 1970 முதல் ஆறு மாதத்திற்கு ஒருமுறை சிறுவர்க்கு வைட்டமின் ஏ திரவம் ஊட்டும் திட்டம் நாட்டில் வந்தது. நம் தம்பி தங்கையர்க்குச் சுகாதார நிலையத்தில் சிறு கரண்டியால் வாயில் ஊற்றுகிறார்களே, அதுதான்.

மக்காரிசன் 1960-இல் தமது 82-ஆம் வயதில் காலமானார். குன்னூரில் பாஸ்டர் நிலையம் இன்றும் இருக்கிறது. சிம்ஸ் பூங்காவைப் பார்க்கச் சுற்றுலா சென்றபோது, அதன் வாயிலருகே நம் மாணவியர் சற்று நின்றுவிட்டு வந்தார்கள். அந்த மலைச் சிறுமியும் அவர்களுள் இருந்தாள். இருட்டிய பிறகு பேருந்திலிருந்து முதலில் குதித்து இறங்கியவளும் அவளே.