குன்றைக் குலைக்காத கட்டடக் கலைஞர்

முதுகுன்றம் என்னும் பழம்பெயர் கொண்ட நம்மூரில் மண்ணும் நெருப்பும் கூடிப் பல குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. மண்ணின் மாண்பை உணர்ந்த ஒருவரின் வாழ்வை இப்பத்தாம் ஆண்டு மலரில் நினைவுகூர்தல் பொருத்தமுடையது. அவரே லாரி பேக்கர்.

1917 மார்ச் 2 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த பேக்கர், அந்நகரிலேயே கட்டடக்கலை பயின்றார். இரண்டாம் உலகப்போரின்போது குவேக்கர் சமயத்தாரின் மருத்துவ உதவிக் குழுவில் சேர்ந்து சீனத்தில் பணிபுரிந்தார். தாயகம் திரும்பும் வழியில், பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்த நாள்களில் காந்தியடிகளைக் கண்டார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு எழவேண்டும் என்ற அடிகளாரின் கருத்து அவர் நெஞ்சில் வேரூன்றியது.

1945இல் தொழுநோயாளர்க்கான பணியை ஏற்று இந்தியா வந்தார். 1948இல் மருத்துவர் எலிசபெத்தை மணந்தார். இமயச் சாரலில் உள்ள பித்தோராகரில் இருவரும் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தனர். கல்லும் மண்ணும் மரமும் கொண்டு மலைமக்கள் அமைத்த இல்லங்களே பேக்கருக்கு இரண்டாம் கல்லூரியாயின. 1963இல் கேரளம் சென்றவர், பின்னர்த் திருவனந்தபுரத்தில் நிலைகொண்டார்.

அங்கு நாலாஞ்சிறையில், பாறைச் சரிவின் மேடுபள்ளங்களுக்கு இசையத் தம் இல்லத்தை எழுப்பினார். அவர் கட்டடங்களில் மரம் நின்றால் சுவர் வளைந்து வழிவிடும். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல்லை மிச்சப்படுத்தியது, வெப்பத்தையும் தடுத்தது. கான்கிரீட் கூரையின் கீழ்ப்பகுதியில், கான்கிரீட் சுமையேற்காத இடங்களில், பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைக் குறைத்தார்.

பூச்சில்லாச் சுவரை வறுமையின் அடையாளமென எள்ளியோர் உண்டு. பேக்கர் செயலால் விடையிறுத்தார். மீனவர் குடியிருப்பைக் கட்டிய அதே நெறியில், உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தையும் கட்டினார். சிக்கனம் ஏழைக்கு மட்டும் உரிய கட்டளையன்று, எல்லார்க்கும் பொதுவான அறம் என்பதை அச்சுவர்கள் உணர்த்தின. 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2007 ஏப்ரல் 1 அன்று தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

நம்மூர்ச் சூளைகளின் ஓரத்தில் விரிசல் கண்ட பொம்மைகளும் உடைந்த பீங்கானும் குவிந்து கிடக்கின்றன. அவற்றைக் குப்பை என்று கடந்து செல்கிறோம். பேக்கரின் வாழ்வை அறிந்தபின் அக்குவியலைக் காணும் கண், அதில் ஒருவர்க்கேனும் கூரையாகக் கூடியது உண்டா என்று ஒருமுறை தேடாமல் இராது.