டா வின்சி எழுதிய வேலை விண்ணப்பம்

‘மோனலிசா’ ஓவியத்தால் உலகமே அறிந்த லியனார்டோ டா வின்சியும் ஒரு காலத்தில் வேலை தேடியவர்தான்.

இத்தாலியின் வின்சி என்ற சிற்றூரில் 1452ஆம் ஆண்டு பிறந்தார். இளவயதில் ஃபுளோரன்ஸ் நகரில் வெரோக்கியோ என்ற கலைஞரின் பட்டறையில் சேர்ந்து ஓவியமும் சிற்பமும் கற்றார். ஏறத்தாழ முப்பது வயதில், மிலான் நகரை ஆண்ட லுடோவிக்கோ ஸ்ஃபோர்ஸாவிடம் பணி கேட்டு ஒரு கடிதத்தைத் தயாரித்தார். அதன் வரைவு இன்றும் மிலானில் பாதுகாக்கப்படுகிறது. வரலாற்றின் முதல் தன்விவரக் குறிப்பு என்று அதைச் சொல்வோரும் உண்டு.

அதில் தம் ஆசிரியரின் பெயரையோ, வரைந்த படங்களின் பட்டியலையோ அவர் தரவில்லை. இத்தாலியச் சிற்றரசுகள் அடிக்கடி போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. எனவே ஓர் ஆட்சியாளருக்கு என்ன தேவைப்படும் என்பதிலிருந்து தொடங்கினார். எளிதில் தூக்கிச் செல்லும் பாலங்கள், அகழி நீரை வற்றச் செய்யும் முறை, பீரங்கிகள், கவச வண்டிகள் எனத் தம்மால் செய்யக்கூடியவற்றை எண்ணிட்டு எழுதினார். பத்தாவதாக, அமைதிக் காலத்துக்கான கட்டடக் கலையும் நீர்வழிகளும் வந்தன. சிற்பமும் ஓவியமும் அதற்குப் பிறகுதான்! லுடோவிக்கோவின் தந்தை நினைவாக வெண்கலக் குதிரைச் சிலை செய்யவும் முன்வந்தார்.

ஓர் ஓவியர் இத்தனையும் செய்வாரா என்ற சந்தேகம் எழலாம் அல்லவா? அதற்கும் விடை வைத்திருந்தார். நம்ப முடியாதவற்றை நேரில் செய்து காட்டத் தயார் என்று கடிதத்தை முடித்தார்.

மிலானில் சுமார் 17 ஆண்டுகள் பணியாற்றினார். ஆனால் அங்கு அவருக்குப் புகழ் தந்தவை போர்க்கருவிகள் அல்ல. குதிரைச் சிலைக்குக் களிமண்ணில் மாபெரும் மாதிரி செய்தார். அதற்கென ஒதுக்கிய வெண்கலம் 1494இல் பீரங்கி செய்யப் போய்விட்டது. ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தையும் அந்நகரில்தான் தீட்டினார். கடிதத்தின் கடைசியில் சுருக்கமாகச் சொன்ன திறனே நிலைத்தது. 1519இல் பிரான்சில் காலமானார்.

வேலைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் நம்மில் பலர், ஒரே தன்விவரக் குறிப்பைப் பத்து நிறுவனங்களுக்கு அனுப்புகிறோம். அனுப்புமுன் வேலை விளம்பரத்தை மீண்டும் படிப்போம். அவர்கள் தேடும் திறனை முதலில் எழுதுவோம். செய்து காட்டக்கூடியதை மட்டும் எழுதுவோம். விளம்பரம் கேட்காத திறன் என்றாலும், நமக்கு மிகவும் பிடித்த ஒன்றைக் கடைசி வரியிலாவது சேர்ப்போம். நம்மை நினைவில் வைக்க அதுவே காரணமாகலாம்.