ஜான் டிண்டல்

மூடிய அறையொன்றின் சாளரத் துளை வழியே காலைக் கதிர் நுழையுங்கால், அதன் நெறியிலே எண்ணிறந்த தூசிகள் மிதந்து திரிவதை நாம் சிறு பருவந்தொட்டுக் கண்டிருக்கின்றோம். கண்டு களித்ததோடு நின்றுவிட்டோம். கதிர் விலகியதும் தூசியும் மறைந்தது. மறைந்ததனால் அஃது இல்லையென்றே எண்ணினோம். ஆயினும் அத்தூசி எங்கும் போய்விடவில்லை. ஒவ்வொரு மூச்சோடும் அதனை நாம் உள்ளே வாங்கிக்கொண்டே இருக்கின்றோம். இவ்வெளிய உண்மையை விடாது பற்றி, அத்தூசி எத்தகையது, மாந்தர் உடலுக்கு அது செய்வது யாது என்று ஆராய்ந்து உலகிற்கு அறிவித்த பெரியார் ஒருவர் உளர். அவரே ஜான் டிண்டல் என்னும் ஐரிஷ் அறிஞர். கண்ணுக்குப் புலனாகாத நுண்டுகள்களைக் குறித்து உலகெங்கும் அச்சமும் ஆராய்ச்சியும் மிகுந்துள்ள இந்நாளில், அவரது வரலாற்றை நம் மாணவர் அறிந்துகொள்ளுதல் நலமென்று கருதி ஈண்டு சுருக்கி வரைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

டிண்டல் 1820-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ஆம் நாள், அயர்லாந்து தேசத்துக் கார்லோ மாவட்டத்தைச் சேர்ந்த லெய்லின்பிரிட்ஜ் என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் ஊர்க் காவற் படையில் ஒரு சாதாரணக் காவலர். செல்வம் இல்லாத குடும்பமேயாயினும், மகனுடைய கல்வியில் தந்தையார்க்கு இருந்த ஊக்கம் பெரிது. ஊர்ப் பள்ளியிலே கணிதமும் நில அளவையும் செவ்வனே பயின்ற டிண்டல், 1839-ஆம் ஆண்டில் அரசாங்க நில அளவை இலாகாவில் அமர்ந்தார். 1842-இல் அவ்வேலை அவரை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றது. அங்கே குறைந்த ஊதியத்தையும் மேலாளர் நடத்தையையும் எதிர்த்து உடன் ஊழியரோடு முறையிட்டமையால், மறு ஆண்டே வேலையினின்றும் நீக்கப்பட்டார். கையிற் பொருளின்றிச் சில காலம் அலைந்தபின், இருப்புப்பாதை அமைப்போரிடம் அளவையாளராகச் சேர்ந்து இரவு பகலாக உழைத்தார்.

பொருளீட்டுதல் ஒன்றே வாழ்வின் பயனென்று அவர் கொள்ளவில்லை. 1847-இல் ஹாம்ப்ஷையரிலுள்ள குவீன்வுட் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். அங்கே பிராங்க்லண்ட் என்னும் இரசாயன ஆசிரியர் அவருக்கு உற்ற நண்பரானார். இருவரும் தத்தம் சேமிப்பை எடுத்துக்கொண்டு, 1848-இல் ஜெர்மனியிலுள்ள மார்பர்க் சர்வகலாசாலைக்குப் புறப்பட்டனர். டிண்டலுக்கு அப்பொழுது வயது இருபத்தெட்டு. தம்மினும் இளையரோடு ஒருங்கிருந்து, அயல்மொழியிலே, பன்ஸன் முதலிய பேராசிரியர்களிடம் பாடங் கேட்டார். கையிருப்பு தீர்வதற்குள் படிப்பு முடியவேண்டுமென்ற கவலையால், விடியுமுன் எழுந்து கற்று, இரண்டே ஆண்டுகளில் டாக்டர் பட்டம் பெற்றார். வயது கடந்துவிட்டதென்றும் பொருள் இல்லையென்றும் சோர்வடையும் மாணவர்க்கு இஃது ஒரு நல்ல விடையாகும்.

பாரடேயின் அருகில்

1852-இல் டிண்டல் ராயல் ஸொஸைட்டியின் அங்கத்தினராயினார். மறு ஆண்டில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் ஆற்றிய ஒரு சொற்பொழிவு அவையோரைப் பெரிதும் கவர்ந்தது. அதன் பயனாக அங்கேயே பௌதிகப் பேராசிரியர் பதவி கிடைத்தது. மின்னியலின் தந்தையெனப் போற்றப்பெறும் மைக்கேல் பாரடே அந்நிலையத்தின் விளக்காக விளங்கிய காலம் அது. இருவருக்கும் உண்டான நட்பு தந்தைக்கும் மகனுக்கும் உள்ள அன்பை ஒத்தது. பாரடே 1867-இல் காலமானபின், அவருடைய ஆராய்ச்சிகளை விளக்கி டிண்டல் ஒரு நூலும் எழுதினார்.

ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளை ஆராய்ந்ததும், 1861-இல் வைஸ்ஹார்ன் என்னும் கொடுமுடியில் முதன்முதல் ஏறியதும், 1859 தொடங்கி நீராவி, கரியமிலவாயு முதலியன வெப்பக் கதிர்களை விழுங்கும் ஆற்றலை அளந்து காட்டியதும் இவருடைய பிற பெருஞ்செயல்களாம். புவி வெப்பமாதலைப் பற்றி இன்று பேசுவோர் இவர் பெயரை முதலில் வைத்துப் பேசுவது அவ்வாராய்ச்சியினாலேயே. அவற்றை விரிப்பிற் பெருகுமாதலின், தூசியைப் பற்றிய ஆராய்ச்சிக்கே வருகின்றோம்.

தூசி வெளிப்பட்ட வகை

தூசியை ஆராயவேண்டுமென்று டிண்டல் எண்ணித் தொடங்கினாரல்லர். 1868-இல், ஒளி சில ஆவிகளின்மேற் படும்பொழுது உண்டாகும் மாறுதல்களைக் காண ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயை அமைத்தார். அதனுள்ளே முற்றுந் தூய காற்று இருத்தல் வேண்டும். காற்றைக் கந்தக அமிலத்தினூடும் காரத்தினூடும் செலுத்திப் பார்த்தார். அங்ஙனம் செய்தும், வலிய ஒளிக்கற்றையைக் குழாயினுள் விடுத்தபொழுது, அதன் நெறியெங்கும் நுண்டுகள்கள் மின்னின. பின்னர், குழாயினுள் புகுமுன் காற்றை ஒரு சாராய விளக்கின் சுடரின்மீது செலுத்தினார். உடனே துகள்கள் மறைந்தன. நெருப்பிலே அவை எரிந்துபோயின என்றால், அவற்றிற் பெரும்பாலன மண்ணும் கல்லுமல்ல. உயிர்ப் பொருள்களிலிருந்து வந்தனவேயாகும். இதனை அவரே எதிர்பார்த்திருக்கவில்லை.

துகள் இல்லாத காற்றினூடே ஒளி செல்லும்பொழுது நெறி புலப்படாது. அவ்விடம் இருளாகவே தோன்றும். நாம் ஒளிக்கற்றை என்று காண்பது அதிற் பட்டுச் சிதறடிக்கும் துகள்களையேயாம். காய்ச்சிய இரும்புக் கோலொன்றைக் கற்றையின் கீழே பிடித்தபோது, கருநிறப் புகைபோன்ற சுருள்கள் மேலெழுந்தன. கண்டோர் புகையென்றே கருதினர். அவையோ புகையல்ல, துகள் நீங்கிய வெறுங் காற்றே! துகளின் அளவு மிகச் சிறுகச் சிறுகச் சிதறும் ஒளி நீலநிறம் பெறுதலையும் டிண்டல் காட்டினார். வானத்தின் நீலத்தையும் அவர் அவ்வாறே விளக்க முயன்றார். பின்வந்த ராலே பிரபு, காற்றின் மூலக்கூறுகளே அந்நீலத்திற்குப் போதிய காரணமெனத் தெளிவாக்கினார். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த நம் ஸர் சி. வி. இராமன் 1921-இல் கடற் பிரயாணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலங் கண்டு வியந்து தொடங்கிய ஆராய்ச்சியும், 1928-இல் அவர் கண்ட புது ஒளியும், இவ்வழியின் தொடர்ச்சியே.

மூச்சின் சோதனை

1870-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், தூசியும் நோயும் என்னும் பொருள்பற்றி ராயல் இன்ஸ்டிடியூஷனில் டிண்டல் பேசினார். நறுமணமும் நல்லுடையும் விளங்கிய அவ்வவையோர் முன்னே, அவர்கள் உயிர்க்கும் காற்றின் இயல்பை ஒளிக்கற்றையாற் காட்டினார். அன்று காட்டியவற்றுள் ஒன்று நாம் நன்கு சிந்தித்தற்குரியது. ஒரு கண்ணாடிக் குழாயின் வழியாக ஒளிக்கற்றையின் குறுக்கே மெல்ல மூச்சை விட்டார். முதலில் வெளிவந்த மூச்சிலே துகள்கள் ஒளிர்ந்தன. மூச்சு முடிவதற்கு அணித்தாக, நுரையீரலின் ஆழத்திலிருந்து காற்று வந்தபொழுது, கற்றையின் நடுவே இருள் தோன்றியது. உள்ளே சென்ற காற்று தூசியுடன் சென்றது. வெளியே வந்த காற்றிலே தூசி இல்லை. ஆயின் அத்தூசி எங்கே? நுரையீரலிலே தங்கிவிட்டது என்பதே விடை.

காற்றைப் பஞ்சின் வழியே உள்வாங்கினால் தூசி பஞ்சிலேயே தங்கிவிடும் என்பதையும் அவர் காட்டினார். அதனோடு நில்லாது, தீயணைக்கும் வீரர் புகையால் மூச்சுத் திணறி மாள்வதைத் தடுக்கவேண்டுமென்று, பஞ்சு, கிளிஸரின், கரி ஆகியவற்றை அடுக்கடுக்காக வைத்து ஒரு முகமூடியைச் செய்வித்தார். லண்டன் தீயணைப்புப் படைத் தலைவராகிய காப்டன் ஷா அம்முயற்சியிற் பங்குகொண்டார். கொடும் புகை நிரம்பிய அறையினுள் முகமூடியணிந்து நெடுநேரம் இருந்து அதன் பயனைச் சோதித்தனர். ஆராய்ச்சி ஒரு மனிதனுடைய உயிரைக் காக்கும் கருவியாக மாறியதை ஈண்டுக் காண்கின்றோம்.

கிருமியும் காற்றும்

அக்காலத்து மருத்துவருட் பலர், நோய்கள் தீய காற்றினால் வருவன என்றும், அழுகும் பொருளிலே உயிர்கள் தாமே தோன்றும் என்றும் நம்பினர். பிரான்ஸில் பாஸ்டரும், பிரிட்டனில் லிஸ்டரும் இதனை மறுத்துவந்தனர். டிண்டல் அவர்களுக்குத் துணை நின்றார். முன்புறமும் பக்கங்களும் கண்ணாடியாக உள்ள மரப்பெட்டிகளைச் செய்து, உட்புறமெங்கும் கிளிஸரின் பூசினார். சில நாட்களில் உள்ளிருந்த தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டது. ஒளிக்கற்றையை விடுத்து, துகள் இல்லையென்று உறுதி செய்தார். அதன்பின் இறைச்சி, காய்கறி முதலியவற்றின் சாறுகளைக் குழாய்களில் இட்டுக் காய்ச்சி, அப்பெட்டியின் காற்றிலே திறந்தே வைத்தார். அவை மாதக்கணக்காகத் தெளிவாகவே இருந்தன. வெளியே வைத்த சாறுகளோ சில நாட்களிலேயே கெட்டு நாறின.

ஆயினும் 1876-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவருக்கு ஒரு பெருஞ் சோதனை நேர்ந்தது. முன்பு தவறாது பலித்த சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொய்த்தன. காய்ச்சிய சாறுகள் கெட்டன. உயிர் தானே தோன்றும் என வாதித்த பாஸ்டியன் என்னும் மருத்துவர்க்கு இது பெருந்துணையாகக் காணப்பட்டது. டிண்டல் தம் தோல்வியை மறைக்கவுமில்லை. கொள்கையை விட்டு ஓடவுமில்லை. காரணத்தைத் தேடினார். சோதனைச் சாலைக்குக் கொண்டுவந்த பழைய வைக்கோலின் தூசி காற்றெங்கும் பரவியிருந்ததையும், அதிலிருந்த கிருமிகளின் வித்துக்கள் பல மணி நேரக் கொதிப்பையும் தாங்கவல்லன என்பதையும் கண்டார். வித்து வலிது, முளைத்த கிருமியோ மெலிது. ஆகவே, சிறிது நேரம் காய்ச்சி, சில மணி நேரம் ஆறவிட்டு, முளைத்தவற்றை மீண்டும் காய்ச்சிக் கொல்லுதல் வேண்டும். 1877-இல் அவர் வகுத்த இம்முறை டிண்டலாக்கம் என்று இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

குணநலன்கள்

1872-73-இல் அமெரிக்காவிற் சொற்பொழிவாற்றிப் பெற்ற பொருளிற் செலவு போக எஞ்சியதை, அந்நாட்டு மாணவர் விஞ்ஞானம் பயில்வதற்கே வைத்துவிட்டார். 1874-இல் பெல்பாஸ்டு நகரில் ஆற்றிய தலைமையுரையில், இயற்கையைப் பற்றிய கொள்கைகளில் விஞ்ஞானமே தீர்ப்புக் கூறவேண்டுமென அவர் வற்புறுத்தியமை திருச்சபையாருட் பலருக்கு மனவருத்தம் தந்தது. அவருடைய கொள்கையை ஏற்பாரும் மறுப்பாரும் இன்றும் உளர். ஆயினும், கண்டதைக் கண்டபடி கூறும் நேர்மை அவரிடத்திருந்ததை இருசாராரும் ஒப்புவர்.

1876-இல் லூயிஸா ஹாமில்டன் அம்மையாரை மணந்தார். 1887-இல் ஓய்வு பெற்று, நல்ல காற்றுக்காக ஸர்ரே மாவட்டத்து ஹைண்ட்ஹெட் மேட்டிலே வாழ்ந்தார். உறக்கமின்மை அவரை நெடுங்காலம் வருத்தியது. அதற்காகக் குளோரல் என்னும் மருந்தை உண்டுவந்தார். 1893-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ஆம் நாள் காலையில், அம்மையார் மக்னீஷியா மருந்தென்று எண்ணிக் குளோரலை அளவுக்கு மிஞ்சிக் கொடுத்துவிட்டார். பிழை உடனே தெரிந்தும் அன்றே அவர் உயிர் நீத்தார். கண்ணுக்குத் தோன்றாத அபாயங்களை உலகிற்குக் காட்டியவர், தம் அருகிலிருந்த ஒரு மருந்துப் புட்டியால் மாண்டது விதியின் கொடுமை. அம்மையார் 1940 வரை வாழ்ந்து, கணவரின் கடிதங்களையும் குறிப்புகளையும் திரட்டிக் காப்பதிலேயே எஞ்சிய நாட்களைக் கழித்தார்.

இன்றைய நிலை

டிண்டல் காட்டிய தூசி இயற்கையினாலும் அடுப்புப் புகையினாலும் தெருப் புழுதியினாலும் உண்டானது. இன்றோ மனிதன் தானே புதிய துகள்களைப் படைத்துவிட்டான். மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு நானோமீட்டர். ஒன்று முதல் நூறு நானோமீட்டர் அளவுள்ள பொருள்கள் மருந்திலும் பூச்சிலும் மின்கருவிகளிலும் பயன்படுகின்றன. ஒரு பொருளைப் பொடியாக்குந்தோறும் அதன் மேற்பரப்பு பெருகும். பெருகவே அதன் வினைத்திறனும் பெருகும். பெருங்கட்டியாய் இருக்கையில் தீங்கில்லாத பொருள் நுண்டுகளாகியபின்னும் அங்ஙனமே இருக்குமென்று நாம் சொல்வதற்கில்லை. நீண்ட கரி நானோ இழைகள் எலிகளின் உடலில் கல்நார் இழையைப் போன்ற தீங்கு செய்தலை 1008-க்குப் பின் ஆயிரமாண்டு கழிந்த 2008-ஆம் ஆண்டின் ஆராய்ச்சியொன்று காட்டியது. அவ்விழைகளில் ஒரு வகை மனிதர்க்குப் புற்றுநோய் தரக்கூடுமென 2014-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் வகைப்படுத்தியது.

பிளாஸ்டிக்கின் கதையும் இதுவே. எறிந்த பையும் புட்டியும் அழிவதில்லை. வெயிலாலும் அலையாலும் நைந்து பொடியாகின்றன. 2004-இல் ரிச்சர்ட் தாம்ஸன் முதலியோர் கடற்கரை மணலிலும் கடல்நீரிலும் இத்துகள்களைக் கண்டு, அவற்றிற்கு மைக்ரோபிளாஸ்டிக் என்னும் பெயரை வழங்கச் செய்தனர். 2022-இல் நெதர்லாந்தில் இரத்தம் சோதிக்கப்பட்ட 22 பேருள் 17 பேருடைய இரத்தத்தில் பிளாஸ்டிக் துகள் காணப்பட்டது. அது மாந்தர்க்குச் செய்யுந் தீங்கு எவ்வளவென்பது இன்னும் அளந்து முடிக்கப்படவில்லை, அறிஞர் ஆராய்ந்துவருகின்றனர். அவ்வாராய்ச்சியில் நீர்மத்தினூடே லேசர்க் கதிரை விடுத்து, ஒவ்வொரு துகளும் சிதறும் ஒளிப்புள்ளியைக் கொண்டு அதன் அளவை அறியும் முறையும் ஒன்று. கருவி புதிது, வழியோ டிண்டல் காட்டியதே.

நம் மாணவர்க்கு இவ்வரலாறு உணர்த்துவது யாது? காணாததனால் இல்லையென்று துணிதலும், அறியாததனால் அஞ்சி அலறுதலும் ஒன்றுபோலத் தவறுடையன. ஒளியைக் கொண்டுவந்து பார்த்தலே அறிவுடையார் செயல். பார்த்தபின், தீயணைக்கும் வீரனுக்கு முகமூடி செய்தளித்த டிண்டலைப்போல, கண்டதற்கேற்ற காவலையும் தேடுதல் வேண்டும். வகுப்பறைச் சாளரத்தில் இனி ஒரு கதிர் நுழையுங்கால், அதில் ஆடும் தூசியை நம் மாணவர் வெறும் வேடிக்கையாகப் பாராது, அம்மூச்சின் சோதனையையும் அதனைச் செய்த பெரியாரையும் நினைப்பாராக.