நண்பர் எடுத்துக்கொடுத்த லைப்ரரி புத்தகம்: ராமானுஜன் வாழ்க்கையில் அது செய்தது என்ன?

கணித மேதை ராமானுஜன் பற்றிப் பேசும்போது ஹார்டி, கேம்பிரிட்ஜ் என்றுதான் ஆரம்பிப்போம். ஆனா கதை கும்பகோணத்தில், ஓர் இரவல் புத்தகத்தில் தொடங்குகிறது.

ஆண்டு 1903. டவுன் ஹைஸ்கூல் மாணவர் ராமானுஜனுக்கு வயது 15. அப்பாவுக்குத் துணிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. வருமானம் போதாமல் வீட்டில் கல்லூரி மாணவர்களைத் தங்கவைத்திருந்தார்கள். அவர்கள் மூலம் கிடைத்த லோனியின் திரிகோணமிதி புத்தகத்தை ராமானுஜன் 13 வயதிலேயே கரைத்துக் குடித்திருந்தார். இப்போது அரசுக் கல்லூரி நூலகத்தில் இருந்து நண்பர் ஒருவர் இன்னொரு புத்தகத்தை எடுத்துவந்து தந்தார். ஜி.எஸ்.கார் தொகுத்த 'சினாப்சிஸ்'.

கார் ஒரு டியூஷன் வாத்தியார். கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதுபவர்களுக்காக அவர் தயாரித்த, நம்ம ஊர் 'கைடு' மாதிரியான புத்தகம் அது. சுமார் 5,000 தேற்றங்கள், சூத்திரங்கள் வரிசையாக இருக்கும். நிரூபணம் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் ஓரிரு வரிதான்.

வேறு யாராக இருந்தாலும் மனப்பாடம் செய்திருப்பார்கள். ராமானுஜனோ ஒவ்வொன்றையும் புதிர் மாதிரி எடுத்துக்கொண்டு, வழியைத் தானே கண்டுபிடித்தார். பேப்பர் வாங்கக் காசு இல்லை. சிலேட்டில் போட்டுப் பார்த்து, முழங்கையால் அழித்துவிட்டு, விடையை மட்டும் நோட்டில் எழுதினார். காரின் பாணி அப்படியே ஒட்டிக்கொண்டது.

அதற்கு விலையும் கொடுத்தார். 1904-ல் அதே அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. மற்ற பாடங்களில் தோல்வி, உதவித்தொகை போச்சு. 1905-ல் வீட்டைவிட்டே ஓடிப்போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. பட்டம் இல்லாததால் வேலைக்கு அலைய வேண்டியிருந்தது. கடைசியில் சென்னைத் துறைமுகத்தில் கிளார்க் ஆனார். ஓர் இளைஞனுக்கு இதெல்லாம் சாதாரண அடி இல்லை.

1913 ஜனவரியில் ஹார்டிக்கு அனுப்பிய கடிதத்திலும் தேற்றங்கள் மட்டும்தான், நிரூபணம் இல்லை. ஏற்கெனவே கேம்பிரிட்ஜின் வேறு இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதியும் பலன் கிடைக்கவில்லை. ஹார்டி நண்பர் லிட்டில்வுட்டைக் கூப்பிட்டு, இருவரும் உட்கார்ந்து படித்தார்கள். ஏமாற்று வேலையா, மேதையா என்பதுதான் கேள்வி. மேதைதான் என்று முடிவு செய்தார்கள். 1914-ல் கப்பல் ஏறிய ராமானுஜன், 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1920 ஏப்ரல் 26 அன்று இறந்தபோது வயது 32.

அவர் விட்டுச்சென்ற நோட்டுகளில் இருந்தவற்றுக்கு நிரூபணம் தேடும் வேலையை அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ண்ட் 1970-களில் கையில் எடுத்தார். அது ஐந்து தொகுதிகளாக வெளிவந்து முடிய 1998 ஆனது.