வீரமாமுனிவரின் வாழ்வும் உணவு நெறியும்

வீரமாமுனிவர் (நவம்பர் 8, 1680 - பெப்ரவரி 4, 1747) இத்தாலியில் பிறந்து தமிழகத்தில் பணியாற்றிய இயேசு சபைத் துறவியும் தமிழறிஞரும் ஆவார். இவரது இயற்பெயர் கான்சுடன்சோ யோசேப்பு பெசுகி. தேம்பாவணி, சதுரகராதி, தொன்னூல் விளக்கம், பரமார்த்த குரு கதை ஆகிய நூல்களால் இவர் பரவலாக அறியப்படுகிறார். திராட்சை மது அன்றாட உணவின் பகுதியாக விளங்கும் நாட்டிலிருந்து கரிசல் நிலத்திற்கு வந்து, உண்ணும் இடத்தில் அதனை முற்றிலும் விலக்கி வாழ்ந்தவர் என்பது அவ்வளவாகப் பேசப்படாத செய்தி.

பிறந்த நாடும் அதன் மதுவும்

இவர் பிறந்த காசுதிலியோனே தெல்லே சுதிவியேரே என்னும் ஊர் வட இத்தாலியின் மாந்துவா பகுதியில், கார்டா ஏரிக்குத் தெற்கே 15 கி.மீ. தொலைவுக்குள் அமைந்துள்ளது. அந்த ஏரியின் தென்கரைக் களிமண் நிலத்தில் விளையும் திராட்சையிலிருந்து லுகானா என்னும் வெள்ளை மது இன்று வடிக்கப்படுகிறது. 1967 முதல் அப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. இளம்பச்சை சாயலுள்ள வெளிர்மஞ்சள் நிறமும், எலுமிச்சையை நினைவூட்டும் மணமும், நாவில் கூர்மையாகத் தெரியும் புளிப்பும், இறுதியில் சற்றே வாதுமைச் சுவையும் உடையது. இதனைக் குளிரவைத்து, முதலில் நிறத்தையும் பின்னர் மணத்தையும் நோக்கி, ஒரு மிடற்றைச் சிறிது நேரம் வாயில் நிறுத்திச் சுவைப்பது வழக்கம். ஏரி மீன்களுடன் இது பரிமாறப்படுகிறது. மதுவின் புளிப்பு மீனின் கொழுப்பைத் துடைத்து, அடுத்த கவளத்திற்கு நாவை ஆயத்தப்படுத்துகிறது. பொரித்த மீனின்மேல் நாம் எலுமிச்சை பிழிவதும் இதே காரணத்திற்காகவே.

கரிசல் நிலத்தில்

1698-இல் இயேசு சபையில் சேர்ந்த பெசுகி, 1710-இல் கோவாவை அடைந்து, 1711-இல் மதுரைக்கு வந்தார். தொடக்க ஆண்டுகளில் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் பணியாற்றினார். கரிசலும் களிமண் மிகுந்த மண்ணே. ஆயினும் மழையில் காலை விடாமல் ஒட்டி, கோடையில் ஆழமாக வெடிக்கும் இம்மண்ணில் மக்கள் விளைவித்தவை பருத்தியும் கம்பும் சோளமும் ஆகும்.

1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட்டு தெ நோபிலி வகுத்த நெறியை மதுரை மறைப்பணியாளர்கள் பின்பற்றினர். புலால், மீன், முட்டை, மது ஆகியவை கூடா. சோறு, காய்கறி, பால் முதலியனவே உணவு. இதனை வெறும் தன்னொறுத்தலாகக் கொள்வது பொருந்தாது. மாட்டிறைச்சி உண்பதும் மது அருந்துவதும் பறங்கியரின் அடையாளங்களாகக் கருதப்பட்ட காலம் அது. அவ்வடையாளத்தைச் சுமந்தவரின் சொல்லுக்கு உள்நாட்டு ஊர்களில் மதிப்பில்லை. எனவே பெசுகி காவியுடை அணிந்து, சைவ உணவு உண்டு, தமிழ்த் துறவியாகவே வாழ்ந்தார்.

ஒரு விலக்கு மட்டும் இருந்தது. கத்தோலிக்கத் திருப்பலிக்குத் திராட்சையிலிருந்து பெற்ற மதுவே வேண்டும். கள்ளோ பதநீரோ அதற்கு ஈடாகாது. வெள்ளை, சிவப்பு இரண்டும் ஏற்கப்பட்டவை எனினும், பீடத் துணியில் கறை படியாது என்பதால் வெள்ளையை விரும்புவோர் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையை 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் அறிமுகப்படுத்தியதாகக் கூறப்படுகிறது. அது பெசுகி மறைந்து 85 ஆண்டுகளுக்குப் பின்னராகும்.

இலத்தீனில் திருக்குறள்

இவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார் (1730). புலால் மறுத்தல் (அதிகாரம் 26) அறத்துப்பாலிலும், கள்ளுண்ணாமை (அதிகாரம் 93) பொருட்பாலிலும் உள்ளமையால், தாம் நாள்தோறும் கடைப்பிடித்த இரு நெறிகளையும் தம் திருச்சபையின் மொழியில் எழுத நேர்ந்தது. வள்ளுவர் கூறும் கள் திராட்சை மதுவன்று; இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை இம்மொழிபெயர்ப்பாளரை விட நன்கு அறிந்தோர் அக்காலத் தமிழகத்தில் மிகச் சிலரே இருந்திருப்பர். காமத்துப்பாலை அவர் மொழிபெயர்க்கவில்லை.

பிற்காலம்

காமநாயக்கன்பட்டிக்குப் பின்னர் நெடுங்காலம் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்தார். 3615 பாடல்களைக் கொண்ட தேம்பாவணி 1726-இலும், சதுரகராதி 1732-இலும் நிறைவுற்றன. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை வரிவடிவில் தெளிவாக்கிய சீர்திருத்தமும் இவருடையதே. இறுதிக் காலத்தில் கேரளத்தின் அம்பலக்காட்டில் இருந்த இவர் அங்கேயே காலமானார். 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னை மெரினா கடற்கரையில் இவருக்குச் சிலை நிறுவப்பட்டது. காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா ஆலயத்தின் பெருவிழா ஆண்டுதோறும் ஆகத்து 15 அன்று நடைபெறுகிறது.