சாந்தசீலர் பிரான்சிஸ்கு சலேசியார்

பக்தி என்பது யாருக்கு உரியது? கோவிலில் நெடுநேரம் முழந்தாளிட்டிருப்போருக்கும், மடங்களில் வாழும் துறவிகளுக்குமே அஃது உரியதென்றும், பாடமும் பரீட்சையும், கடையும் கச்சேரியும், அடுப்பும் தொட்டிலுமாகக் காலங்கழிப்போர்க்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசை ஒன்றே போதுமென்றும் எண்ணுவோர் எக்காலத்தும் உளர். நாமும் அவ்வாறு எண்ணியிருந்ததுண்டு. நானூறு ஆண்டுகட்கு முன்னரே இவ்வெண்ணத்தை ஒரு சிறு நூலால் அசைத்தெறிந்தார் ஒரு மேற்றிராணியார். அவரே அர்ச். பிரான்சிஸ்கு சலேசியார். அவர் சரித்திரம் முழுவதையும் எழுத இம்மலரில் இடமில்லை. ஆதலின் நம் மனத்தைத் தொட்ட பகுதிகளையே ஈண்டு விரித்துரைக்கப் புகுந்தோம்.

ஆல்ப்ஸ் மலைச்சாரலிலுள்ள சவோயா அக்காலத்தில் தனியொரு நாடாக விளங்கிற்று. அந்நாட்டில், தோரன்சு என்னும் ஊரையடுத்த சலேசு மாளிகையில், 1567-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 21-ந் தேதி அவர் பிறந்தார். தந்தையார் ஒரு பிரபு. தலைமகன் சட்டம் பயின்று, நாட்டின் நியாயசபையில் அமர்ந்து, குலப்பெயரை விளக்கவேண்டுமென்பது அவருடைய பேரவா. மைந்தனுக்கோ இளமையிலேயே குருத்துவத்தின் மேல் நாட்டம் உண்டாயிற்று. எனினும் அதனைத் தந்தையார் முன் எடுத்துரைக்கத் துணிவு பிறக்கவில்லை. உயர்கல்விக்காகப் பாரிசு மாநகர்க்கு அனுப்பப்பட்டபோது, பிரபுக்களின் மக்கள் கற்கும் நவார் கல்லூரியில் சேர்க்கவே தந்தையார் கருதினார். மகன் தாயைத் தூது விட்டுச் சேசுசபையாருடைய கிளெர்மோன் கல்லூரியில் இடம்பெற்றுக்கொண்டார். தாயை முன்னிட்டுத் தந்தையிடம் காரியம் முடிக்கும் இக்கலை எல்லாத் தேசத்து மாணவர்க்கும் பொது போலும்! குதிரையேற்றம், வாள்வித்தை, நடனம் ஆகியவற்றைத் தந்தையாரின் மனமகிழ்ச்சிக்காகக் கற்றார். வேதசாத்திரத்தைத் தம் ஆன்மாவுக்காகக் கற்றார். 1584-ம் ஆண்டில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியாகிய ஜெனெபிரார் என்பார் உன்னத சங்கீதத்திற்கு விரிவுரை நிகழ்த்தக் கேட்டார். வேதாகமம் முழுவதையுமே மனிதன்பால் சர்வேசுரன் கொண்ட அன்பின் கதையாகப் படிக்கும் வழக்கம் அன்று முதல் அவரை விட்டு நீங்கவில்லை.

அவ்வன்பைப் பற்றியே அவருக்குப் பெருஞ்சோதனை ஒன்று வந்தது. 1586-ம் ஆண்டு டிசம்பர் மாதம்; அப்போது அவருக்கு வயது 19. இக்கல்லூரி வகுப்புகளில் அமர்ந்திருக்கும் நம்மவர் பலருடைய வயதும் அஃதே என்பதனால் இப்பகுதி நம்மைப் பெரிதும் கவர்ந்தது. மீட்புக்குரியார் இன்னார், கேட்டுக்குரியார் இன்னார் என்று சர்வேசுரன் அநாதியிலேயே வகுத்துவிட்டாரா என்னும் வாதம், கல்வீனைப் பின்பற்றியோரிடையே மட்டுமன்றிக் கத்தோலிக்கக் கலாசாலைகளிலும் அந்நாளில் சூடேறி நடந்துகொண்டிருந்தது. மற்ற மாணவர்க்கு அது நாவுக்குப் பயிற்சி தரும் வாதப்பொருள். பிரான்சிஸ்குக்கோ நெஞ்சில் தைத்த முள்ளாயிற்று. தாம் கேட்டுக்குரியாருள் ஒருவராயிருப்பின், எவரைத் தாம் எல்லாவற்றினும் மேலாக நேசிக்கின்றாரோ அவரையே என்றென்றும் பகைக்க நேருமே என்ற அச்சம் அவரை வாட்டிற்று. ஊண் செல்லவில்லை, உறக்கம் வரவில்லை, உடல் மெலிந்து நிறம் மாறிற்று. ஏறத்தாழ ஆறு வாரம் இவ்வாறு கழிந்தது.

ஒருநாள் கல்லூரியினின்று திரும்பும் வழியில், தாம் வழக்கமாகச் செல்லும் அர்ச். முடியப்பர் ஆலயத்துள் நுழைந்து, அங்கிருந்த கருநிறத் தேவமாதா சுரூபத்தின் முன் வீழ்ந்தார். மறுமையில் தேவனை நேசிக்கும் பேறு தமக்கு இல்லையாயினும், இம்மையில் உயிருள்ள அளவேனும் அவரை நேசிக்க அருள்புரிய வேண்டுமென்று மன்றாடினார். அருகே பலகையொன்றில் எழுதப்பட்டிருந்த மாதா செபத்தை வாசித்து எழுந்தார். எழுந்தபோது பாரம் நீங்கியிருந்தது. அவர் வாதத்தில் வென்றுவிடவில்லை என்பதை இங்கே கவனித்தல் வேண்டும். கேள்வி விடையின்றியே நின்றது. தமக்கென்று ஏதும் கேளாமல் அன்பு செய்யத் துணிந்தவுடன் அதன் கூர் மழுங்கிற்று. பின்னர்ப் பதுவை நகரில் நூல்களைத் துருவி ஆராய்ந்து, எல்லாரும் மீட்படைய விரும்பும் தேவனுடைய இரக்கத்தில் அவர் நிலைகொண்டார்.

பதுவையில் அவர் சட்டம் பயின்று 1591-ம் ஆண்டில் பண்டிதப் பட்டம் பெற்றார். அந்நகரில் அவர் கடும்பிணியுற்றுச் சாகக் கிடந்தபொழுது, தம் உடலை வைத்திய மாணவரிடம் ஒப்படைத்துவிடும்படி வேண்டிக்கொண்டனராம். அறுத்துக் கற்பதற்குப் பிணம் கிடையாமல் அம்மாணவர்கள் கல்லறைகளைத் தோண்டுவதும், அதனால் ஊராரோடு கைகலப்பு மூள்வதும் அங்கு வழக்கம். உயிரோடிருந்து பயன்படாத தாம் பிணமாகியாவது ஒரு சண்டையைத் தவிர்க்கலாமென்று கருதினார்போலும். அவர் பிழைத்தெழுந்தது திருச்சபையின் நற்பேறு.

ஊர் திரும்பியவருக்காகப் பெண்ணும் பதவியும் காத்திருந்தன. தந்தையார் பார்த்துவைத்த மணமகளை மரியாதையுடன் மறுத்தார். நியாயசபைப் பதவியையும் ஒதுக்கினார். உறவினரான லூயி என்னும் குரு, பாப்பரசரிடமிருந்து ஜெனீவா மேற்றிராசனத்தில் பிரான்சிஸ்குக்கு ஓர் உயர்ந்த குருப்பதவியை முன்னரே பெற்று வைத்திருந்தமையால், தந்தையார் கண்ணீரோடு இசைந்தார். 1593-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி பிரான்சிஸ்கு குருப்பட்டம் பெற்றார்.

ஜெனீவா மேற்றிராசனம் என்பது அக்காலத்தில் பெயரளவேயாம். அந்நகர் கல்வீனுடைய கொள்கையைத் தழுவிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மேற்றிராணியார் அன்னேசி என்னும் சிறு நகரில் அகதியாக வாழ்ந்தார். ஜெனீவா ஏரிக்குத் தென்கரையிலுள்ள ஷப்லே நாடும் அறுபதாண்டு அளவாகச் சீர்திருத்தச் சபையைச் சார்ந்திருந்தது. அங்கே மறுபடியும் கத்தோலிக்க வேதம் போதிக்க 1594-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் பிரான்சிஸ்கும் லூயியும் கால்நடையாகப் புறப்பட்டனர். அல்லேஞ்சு கோட்டையில் இராத் தங்கி, விடியலில் இறங்கித் தோனோன் நகருக்கு நடந்து சென்று, மாலையில் திரும்புவர். பனிக்காலத்தில் ஓநாய்க்கு அஞ்சி மரத்தின்மேல் தம்மைக் கட்டிக்கொண்டு ஓரிரவைக் கழித்தாரென்றும், பாலம் இடிந்த ஆற்றின் குறுக்கே பனியுறைந்த பலகையின்மேல் தவழ்ந்து சென்று பூசை செய்தாரென்றும் சரித்திரக்காரர் கூறுவர்.

ஆயினும் ஓநாயினும் கொடியது ஒன்று இருந்தது. அது மக்களின் மௌனம். அவர் பிரசங்கத்தைக் கேட்க எவரும் வரவில்லை. வந்தால் அயலார் பார்ப்பர் என்ற அச்சம். மாதங்கள் கழிந்தும் கேட்போர் தொகை விரல்விட்டு எண்ணத்தக்கதாகவே இருந்தது. அப்பொழுது அவர் ஓர் உபாயம் கண்டார். சொல்லவேண்டியவற்றைச் சிறு தாள்களில் எழுதிப் படியெடுத்து வீடுதோறும் கொடுத்தார். கதவு திறவாத இடங்களில் கதவின் கீழே செருகினார். அச்சத்தால் கோவிலுக்கு வாராதவர் அடைத்த கதவுக்குள் அமர்ந்து படித்தனர். இதனை முன்னிட்டே 1923-ம் ஆண்டில் பாப்பரசர் 11-ம் பத்திநாதர் அவரைப் பத்திரிகை எழுத்தாளர்க்குப் பாதுகாவலராக ஏற்படுத்தினார். ஆண்டுதோறும் இம்மலருக்குக் கட்டுரை தேடி அலையும் நம் ஆசிரியக் குழுவினர் அவரை மறவாது மன்றாடுதல் நலம்!

1598-ம் ஆண்டிற்குள் அந்நாட்டு மக்களுட் பெரும்பாலோர் கத்தோலிக்கராயினர். இங்கு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. இம்மாற்றம் முழுவதும் சலேசியாரின் இனிய சொல்லால் மட்டும் நேர்ந்ததன்று. சவோயா நாட்டதிபரின் கைவலிமையும் அதில் கலந்திருந்தது. இணங்காதோர் சிலர் நாட்டைவிட்டு வெளியேறவும் நேர்ந்தது. அக்காலத்து அரசர் எல்லாப் பக்கத்திலும் அவ்வாறே செய்தனர் எனினும், இதனை நாம் மகிழ்ச்சியோடு எழுதவில்லை. இதனினும் நாம் விரும்பி நினைப்பது, 1597-ம் ஆண்டில் அவர் ஜெனீவாவுக்குள் சென்று, கல்வீனுக்குப்பின் அச்சபைக்குத் தலைவராயிருந்த முதியவர் பேசா என்பாரைக் கண்டதாகும். பகைச் சபைகளின் இருபெரும் போதகர்கள் எதிரெதிரே அமர்ந்து பலமுறை மரியாதையோடு உரையாடினர். இருவரும் தத்தம் கொள்கையிலேயே நின்றனர். ஆயினும் ஒருவரையொருவர் வைதாரில்லை.

1602-ம் ஆண்டில் அரசாங்கக் காரியமாகப் பாரிசுக்குச் சென்றபோது அவருடைய பிரசங்கம் அரசவையையே ஈர்த்தது. நான்காம் ஹென்றி மன்னர் செல்வம் மிக்க மேற்றிராசனம் தந்து அவரைத் தம்மிடமே நிறுத்த விரும்பினார். தாம் ஏழைப் பெண்ணொருத்தியை மணந்துவிட்டதாகவும், பணக்காரிக்காக அவளைக் கைவிட ஒண்ணாதென்றும் சொல்லி விடைபெற்றார். அவ்வேழைப் பெண் தம் மேற்றிராசனமே. அவ்வாண்டு டிசம்பர் 8-ந் தேதி தோரன்சு கோவிலில் அவர் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். அதே மாதத்தில் சவோயா அதிபரின் படை இரவில் ஏணி வைத்து ஜெனீவா மதிலேறித் தோல்வியுற்றது. பெயரளவில் அந்நகர்க்கு மேய்ப்பராகிய அவர் வாழ்நாளெல்லாம் அன்னேசியிலேயே தங்கினார்.

அங்கே ஞாயிறுதோறும் சிறுவரைக் கூட்டி அவரே ஞானோபதேசம் கற்பிப்பார். பிறவியிலேயே செவியும் வாயும் அற்ற மார்த்தின் என்னும் ஏழையைத் தம் வீட்டில் வைத்து, கையாற் சைகைகள் அமைத்து, பொறுமையோடு வேதசத்தியங்களை உணர்த்தி, பாவசங்கீர்த்தனம் கேட்டு, தேவநற்கருணையும் அளித்தார். அவருடைய சாந்தம் உலகறிந்தது. ஆனால் அது பிறவிக்குணமன்று. இயல்பில் அவர் சட்டென்று சினம் மூளும் சுபாவத்தினர். பல்லாண்டு முயன்று நாடோறும் அடக்கி அடக்கிப் பெற்ற சாந்தம் அது. அர்ச். அருளப்பர் போஸ்கோ 1859-ம் ஆண்டில் ஏழைச் சிறுவர்க்காகத் தாம் தொடங்கிய சபைக்குச் சலேசியாரின் பெயரையே இட்டது இச்சாந்தம் கருதியேயாகும். அச்சபையார் 1906-ம் ஆண்டில் தஞ்சைக்கு வந்தமையால் சலேசியாரின் பெயர் நம் நாட்டிலும் வழங்கலாயிற்று.

இனி, அவருடைய நூலைப் பற்றிச் சொல்வோம். அவருடைய உறவினர் ஒருவரின் மனைவியாகிய ஷார்முவாசி சீமாட்டி, அரசவைத் தொடர்புகளுக்கிடையே பக்தியாய் வாழ்வது எப்படியென்று வினவினார். அவருக்கு அவ்வப்போது எழுதிக் கொடுத்த கடிதங்களைச் சேசுசபைக் குரு ஒருவர் கண்டு, அச்சிட வற்புறுத்தினார். 1609-ம் ஆண்டிட்ட தாங்கி வெளிவந்த அந்நூல் பிலோத்தேயா என்னும் பெண்ணை விளித்து எழுதப்பட்டது. தேவனை நேசிப்பவள் என்பது அப்பெயரின் பொருள். மேற்றிராணியார் காட்டுத் தவசிபோல் தனித்திருப்பதும், பிள்ளைகுட்டிக்காரர் நாளைக்கென்று ஒரு காசும் சேர்க்காதிருப்பதும், தச்சனும் தட்டானும் பகலெல்லாம் கோவிலிலேயே கிடப்பதும் நகைப்புக்கிடமாகும் என்கிறார். அவரவர் நிலைக்கும் வலிமைக்கும் ஏற்பவே பக்தி அமையவேண்டும். ஒருவன் தன் கடமையைக் கெடுக்கும் பக்தி பக்தியேயன்று என்பது அவர் துணிபு. துறவறத்திற்குமுன் இல்லறத்தை வைத்துப் பாடிய வள்ளுவரைக் கற்கும் நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. அக்காலத்து ஐரோப்பாவிலோ பலர்க்கு இது வியப்பாயிருந்தது. 1964-ம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அர்ச்சியசிஷ்டதனத்திற்கு எல்லா நிலையினரும் அழைக்கப்படுகின்றனர் என்று முழங்கியபோது, சலேசியாரின் சொல்லே திருச்சபையின் சொல்லாயிற்று.

அந்நூலில் நாம் நடைமுறையிற் கைக்கொண்டு பார்த்த ஒரு யோசனை உண்டு. காலையில் சுவிசேஷத்தின் ஒரு பகுதியைத் தியானித்து முடித்தபின், தோட்டத்தினின்று வெளியேறுபவர் நாலைந்து மலரைப் பறித்துச் சென்று பகலெல்லாம் முகர்வதுபோல, அத்தியானத்திலிருந்து ஓரிரு கருத்தை எடுத்துக்கொண்டு போகவேண்டுமாம். மூன்று அதிகாரம் ஓதி மூன்றையும் மறப்பதைக்காட்டிலும் இது கடினம் என்பதை ஒரு வாரத்திலேயே கண்டுகொண்டோம்.

1604-ம் ஆண்டுத் தபசுகாலத்தில் தீஜோன் நகரில் பிரசங்கிக்கையில், முன்வரிசையில் கருப்புடையணிந்த இளம் விதவை ஒருவரை அவர் கண்டார். அவரே யோவான்னா ஷாந்தால் அம்மாள். 1601-ம் ஆண்டில் அவருடைய கணவர் வேட்டையில் நண்பர் ஒருவரின் துப்பாக்கிக் குண்டு தவறிப்பட்டு மாண்டார். அம்மாள் நான்கு சிறுமக்களோடு நின்றார். முன்னிருந்த ஞானகுரு அவர்மேல் சுமத்திய செபங்களால் வீட்டாரெல்லாம் தொல்லையுற்றனர். சலேசியாரின் நடத்துதலில் வந்தபின், அம்மாள் நாள் முழுதும் செபித்தும் எவர்க்கும் இடைஞ்சல் இல்லையென்று வேலைக்காரரே பேசிக்கொண்டனராம். கணவரைச் சுட்டவரைக் காணவும் அம்மாளுக்கு மனம் வரவில்லை. சலேசியார் அவரைத் தேடிச் செல்லும்படி வற்புறுத்தவில்லை. ஆனால் எதிர்ப்பட நேர்ந்தால் இளகிய நெஞ்சோடு எதிர்கொள்ளவேண்டுமென்று எழுதினார். நெஞ்சு பதறும், குருதி கொதிக்கும், அதனால் குற்றமில்லை என்றும் ஆறுதல் கூறினார். பின்னர் அம்மாள் அம்மனிதரைக் கண்டார். அவருடைய குழந்தைக்கு ஞானத்தாயாகவும் நின்றார். மன்னிப்பைப் பற்றி நாம் கேட்ட பிரசங்கங்கள் பல. அவற்றுள் எதுவும் இந்நிகழ்ச்சிபோல் நம்மை வருத்தியதில்லை.

இவ்விருவரும் சேர்ந்து 1610-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி, தேவமாதா எலிசபெத்தம்மாளைச் சந்தித்த திருநாளின் பெயரால் கன்னியர் சபையொன்றை அன்னேசியில் நிறுவினர். உடல்நலம் குன்றியோரும் விதவைகளும் சேரத்தக்கதாய், கடுந்தவமின்றி, நோயாளிகளை இல்லந்தோறும் சென்று பேணுவதாய் அமைந்தது அச்சபை. லியோன் மேற்றிராணியார் அடைபட்ட மடமாக்கும்படி வற்புறுத்தவே, சலேசியார் இணங்கினார்.

1622-ம் ஆண்டு இறுதியில் நாட்டதிபருடன் அவிஞோனுக்குச் சென்று லியோன் வந்தார். உயர்ந்தோர் தத்தம் மாளிகைகளுக்கு அழைத்தும், அக்கன்னியர் மடத்துத் தோட்டக்காரனுடைய சிறு வீட்டிலேயே தங்கினார். ஷாந்தால் அம்மாளும் அங்கு வந்திருந்தார். மூன்றாண்டுக்கு மேலாகக் காணாத ஞானத்தந்தையிடம் சொல்வதற்குத் தம் ஆன்மகாரியங்களை அவர் திரட்டி வைத்திருந்தார். சலேசியாரோ சபைக் காரியங்களையே அன்று பேசி முடித்து, அம்மாளின் சொந்தக் காரியங்களை அன்னேசியில் சாவகாசமாகப் பேசலாமென்று கூறி, பயணம் தொடரும்படி அனுப்பிவைத்தார். அம்மாள் கீழ்ப்படிந்து புறப்பட்டார். டிசம்பர் 27-ந் தேதி சலேசியாருக்குத் திடீரென்று வாதம் கண்டது. வைத்தியர் காய்ச்சிய இரும்பால் தலையிற் சூடிட்டனர், அவர் முறையிடவில்லை. மறுநாள் மாலை, மாசில்லாக் குழந்தைகள் திருநாளன்று, தம் 55-ம் வயதில் அவர் உயிர்நீத்தார். 1623-ம் ஆண்டுத் தொடக்கத்தில் அவருடலை அன்னேசிக்குக் கொண்டுவந்து, அம்மாளின் மடத்துக் கோவிலிலேயே அடக்கம் செய்தனர்.